தொண்டை எந்தக் கொடி?

படவேட்டுக்குப் போகிறவர்கள் ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் போகிறார்கள். நான் போனதும் அதற்காகத்தான். திரும்பும்போது ஒரு கொடியைப் பற்றிய சந்தேகமும் கூடவே வந்துவிட்டது.

ஊருக்கு வெளியே வேலியோரம் அந்தக் கொடி படர்ந்திருந்தது. வெள்ளையாகப் பூத்து, வாடும்போது சிவக்கிற பூ. பெயர் கேட்டேன். ஆரணியிலிருந்து கூட வந்திருந்த நண்பர், பட்டுத்தறி வைத்திருப்பவர், "இதுவா? ஆதண்டங்காய். வற்றல் போட்டுப் பொரிப்போம், ஸார்" என்றார். தொண்டை மண்டலத்துக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆதொண்டை அதுதான்! அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் கதைகளில் தொண்டை நாடு என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்; கொடியைப் பார்த்தது அன்றுதான்.

இங்கிலாந்தில் குளாஸ்டர்ஷயரில் ஹிட்கோட் என்று ஒரு மாளிகை. லாரன்ஸ் ஜான்ஸ்டன் என்பவர் 1907க்குப் பிறகு அங்கே போட்ட தோட்டம் பிரசித்தி பெற்று, ஒரு லாவெண்டர் செடிக்கே ஹிட்கோட் என்று பெயர் வந்துவிட்டது. அங்கே வீட்டின் பெயர் செடிக்குப் போயிற்று. இங்கே செடியின் பெயர் நாட்டுக்கும் அரசனுக்கும் குடும்பங்களுக்கும் போயிருக்கிறது. புதுக்கோட்டை மன்னர்கள் தொண்டைமான்கள். எழுத்தாளர் பாஸ்கரத் தொண்டைமானும் அந்தப் பெயரைத்தான் சுமந்தார். ராஜராஜன் இந்த மண்டலத்தை ஜயங்கொண்ட சோழ மண்டலம் ஆக்கினான். விஜயநகர காலத்தில் இந்தப் பக்கம் படைவீட்டு ராஜ்யம் ஆயிற்று. வெற்றியின் பெயரும் படையின் பெயரும் கல்வெட்டோடு நின்றுவிட்டன. கொடியின் பெயர்தான் வாயில் நிற்கிறது.

ஆனால் எந்தக் கொடி? பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். சோழனுக்கும் நாக கன்னிகைக்கும் பிறந்த குழந்தையை, தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்டார்கள். திரை கொண்டுவந்து சேர்த்ததால் திரையன் ஆனான். அவர் காலத்து வாசகனுக்குத் தொண்டை என்று சொன்னாலே போதும் போலிருக்கிறது. நமக்குப் போதவில்லை. அகராதியைப் புரட்டினால் ஆதொண்டை என்கிறது, கோவை என்றும் சொல்கிறது.

பண்டிதர்களில் பலர் ஆதொண்டையின் பக்கம். கதை எழுதுகிறவனுக்கு அது ஒப்பவில்லை. ஆதொண்டையில் கொக்கி கொக்கியாக முள். எந்தத் தாய் பச்சைக் குழந்தையின் உடம்பில் முள்ளைச் சுற்றுவாள்? கோவையில் முள் கிடையாது. பெண்களின் இதழுக்குத் தொண்டைக் கனியை உவமை சொன்ன கவிகளும் கோவைப் பழத்தைத்தான் நினைத்திருக்க வேண்டும். எலுமிச்சையளவு இருக்கிற ஆதொண்டைப் பழத்தைச் சொல்லியிருந்தால் எந்த நாயகி மன்னிப்பாள்? தெலுங்கர் இன்றும் கோவைக்காயைத் தொண்டகாய் என்கிறார்கள், கன்னடத்தார் தொண்டேகாயி என்கிறார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கும் சொல்லை நாம் உரைநூல்களில் தேடுகிறோம்.

இவ்வளவையும் பஸ்ஸில் நண்பரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவைத் தண்டு அறுந்துடுமே ஸார்? கடல்லே அரை நாள் தாங்காதே. ஆதண்டைன்னா கயிறு மாதிரி" என்றார். நாளெல்லாம் இழையோடு பழகுகிற மனிதர். நான் பதில் சொல்லவில்லை. சந்தவாசல் தாண்டியதும் அவரே, "முள்ளைச் சீவிட்டுக் கட்டியிருப்பாங்களோ என்னவோ" என்றார்.