அண்டர் த ஸ்கின் (திரைப்படம்)

அண்டர் த ஸ்கின், ஜோனதன் கிளேசர் இயக்கி 2013 இல் வெளிவந்த பிரித்தானிய அறிவியல் புனைவுத் திரைப்படம். பெண்ணுருவில் ஸ்காட்லாந்தில் திரியும் வேற்றுலக உயிரியாக ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்துள்ளார். கிளாஸ்கோ தெருக்களில் தனியாகச் செல்லும் ஆண்களை வேனில் ஏற்றிச்சென்று கரிய திரவத்தில் அமிழச் செய்கிறாள்.

மிசெல் ஃபேபரின் மூல நாவல் (2000) ஆண்கள் இறைச்சிக்காகப் பிடிக்கப்படுவதை வெளிப்படையாகச் சொல்கிறது. படம் காரணம் சொல்வதில்லை. அதுவே அதன் பலம். கடற்கரையில் பெற்றோர் மூழ்கிய பின் அழும் குழந்தையை அவள் பொருட்படுத்தாமல் போகிறாள். கேமராவும் குழந்தையைத் தேற்ற நெருங்குவதில்லை.

வேனில் ஒளித்துவைத்த கேமராக்களில் உண்மையான வழிப்போக்கர்கள் சிலர் பதிவாயினர். அவர்களிடம் பிறகே சம்மதம் பெறப்பட்டது. வேட்டையைக் காட்டும் படம் தானும் ஒருவகையில் வேட்டையாடியிருக்கிறது என்ற உறுத்தல் நியாயமானது. ஆயினும் அந்த உரையாடல்களின் இயல்பை நடிகர்களிடம் பெறுவது கடினம்.

முகம் உருமாறிய இளைஞனை (ஆடம் பியர்சன்) அவள் தப்பவிட்டதும் கதை திசைமாறுகிறது. இரைதேடியவள் பெண்ணுடலோடு தனியே அலைந்து, தானே ஆணின் வன்முறைக்கு ஆளாகிறாள். மைக்கா லெவியின் நெருடும் வயோலா இசை இம்மாற்றத்தைச் சொற்களின்றி உணர்த்துகிறது. காட்டில் நிகழும் இறுதிப்பகுதி மட்டும், முன்பிருந்த புதிர்த்தன்மையை இழந்து சற்றே எதிர்பார்த்தபடி நகர்கிறது.