எழுத்தின் இருப்பிடம்

சிறு பத்திரிகை நடத்துவது இனி வீண் வேலை, எழுதியதைச் சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டால் போதும் என்று நம் நண்பர்களில் சிலர் சொல்லி வருகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் நூறு பேர் படித்துவிடுகிறார்களாம். படிக்கிறார்களா, கடந்துபோகிறார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த எழுத்து யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதே என் கேள்வி.

இரண்டு வருஷம் நான் எழுதிய கவிதை விமர்சனக் குறிப்புகள் அப்படியொரு தளத்தில் இருந்தன. ஒரு நாள் காலையில் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. காரணம் சொல்லப்படவில்லை, கேட்கவும் ஆளில்லை. பிரதி எடுத்து வைக்காதது என் தவறு. ஆனால் இது தனியொருவனின் சங்கதி அல்ல. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில்தான் தமிழ் இணைய எழுத்தின் முதல் தலைமுறை சண்டை போட்டு வளர்ந்தது. 2019 டிசம்பரில் யாஹூ தன் குழுமங்களின் பழைய மடல்களை அழிக்கத் தொடங்கியது. நம் விமர்சன உலகம் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணத்தின் அமைப்பு வேறு. வலைப்பதிவுகள் அவரவர் இடத்திலேயே இருந்தன. புதிதாக எழுதப்பட்டவற்றை அது ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. தமிழ்மணம் ஓய்ந்தபோது வாசகன் வரும் வழிதான் அடைபட்டது, எழுத்து அழியவில்லை. எழுத்து இருக்கும் இடமும் அது புழங்கும் இடமும் வேறு வேறு என்ற தெளிவை நாம் அங்கிருந்து பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. அந்தப் பதிவுகளில் பலவும் கூகுள் இனாமாகத் தந்த திண்ணையில் இருந்தவைதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

2016இல் வந்த மாஸ்டடானும், 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அங்கீகரித்த ஆக்டிவிட்டிபப் என்ற விதிமுறையும் இந்த வேறுபாட்டின் மேல் நிற்பவை. என் தொழில் பாஷையில் சொன்னால், இது கிளியரிங். ஒவ்வொரு பாங்க்கும் தன் லெட்ஜரைத் தானே வைத்துக்கொள்கிறது. பொதுவானது பரிமாற்ற விதி மட்டுமே. ஒரு சர்வரில் எழுதியதை இன்னொரு சர்வரில் இருப்பவர் பின்தொடரலாம். நடுவில் முதலாளி இல்லை.

ரைட்ஃப்ரீலி என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு வாடகை சர்வரில் நிறுவி, நண்பர்கள் ஐவருக்கு இடம் கொடுத்து, பசுமலையிலிருந்து நடத்திவருகிறேன். அமெரிக்க மிஷன் லெனாக்ஸ் அச்சகத்தை வைத்திருந்த ஊர் இது. சொல்லைப் பரப்ப வந்தவர்கள் அச்சைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். நமக்கு அந்த யோசனை வரவில்லை.

அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன். எங்கள் கட்டுரை மாஸ்டடானில் பெரும்பாலும் தலைப்பும் சுட்டியுமாகவே போய்ச் சேர்கிறது. படிக்க விரும்புகிறவர் எங்கள் பக்கத்துக்கு வந்தாக வேண்டும். அவர் அங்கே எழுதும் மறுமொழி எங்கள் பக்கத்தில் ஏறாது. ஆகவே விவாதத்துக்கென மாஸ்டடானில் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுரை தன் காலில் நிற்கிறது, சச்சரவு தெருவில் நடக்கிறது. வேர்ட்பிரஸ்ஸுக்கான செருகுநிரலில் மறுமொழிகள் கட்டுரையின் அடியிலேயே வந்து சேரும்; வேண்டியவர் அதைக் கொள்ளலாம்.

சங்கடங்களும் உண்டு. வெளியே போன பிரதியை அழிக்கச் சொல்லித் தகவல் அனுப்பலாம். மற்ற சர்வர் கேட்கும் என்ற உத்தரவாதம் இல்லை. தபாலில் போன இதழின் அச்சுப்பிழை போலத்தான். சர்வர் மாறினால் பின்தொடர்வோரை அழைத்துச் செல்ல மாஸ்டடான் இடம் தருகிறது. பழைய பதிவுகள் கூட வருவதில்லை. 2019 நவம்பரில் ட்விட்டரோடு கோபித்துக்கொண்டு மாஸ்டடானுக்கு வந்த இந்தியர்களில் பலர் அங்கே தங்கவில்லை. கூட்டம் இல்லாத இடத்தில் அவர்களுக்குப் பேச்சு வரவில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. முதலாளி போனதால் வேலை போய்விடவில்லை. வாடகை கட்டுவது, பிரதி எடுத்து வைப்பது, வசைகளை நீக்குவது, எந்த சர்வரோடு உறவை முறித்துக்கொள்வது என்று முடிவெடுப்பது எல்லாம் ஒருவர் தலையில் விழுகின்றன. ஐந்து நண்பர்களில் இன்னும் ஒருவரும் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கவில்லை. நாளை நான் இல்லாமல் போனால் இதுவும் இன்னொரு யாஹூதான்.

1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். அந்தச் சுமையை இலக்கியத்துக்குப் புறம்பான காரியமாக அவர் நினைக்கவில்லை. நாம் நினைக்கிறோம். இந்த மனோபாவம் மாறாதவரை எந்த விதிமுறையும் நம் எழுத்தைக் காப்பாற்றாது.

எங்கள் சர்வரில் இன்னும் இடம் இருக்கிறது. வருகிறவர்கள் கட்டுரையோடு, மாதம் ஒரு முறை பிரதி எடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.