தலையணையைக் கவனிக்கும் வட்டம்

பூந்தமல்லியைத் தாண்டினால், பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் நசரத்பேட்டை. பொறியியல் மாணவர்கள் நிறைந்த ஊர். இத்தகைய ஊரில் கல்லூரி மாணவரிடையே கிறிஸ்தவ ஊழியம் என்றதும் பலருக்கு மேடையும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மனம் வளர்வது, ஏழெட்டுப் பேர் தரையில் உட்காரும் வேதபாட வட்டத்தில்.

1954-இல் உருவான யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கம் இந்தியக் கல்லூரிகளில் இந்த வட்டங்களை வளர்த்தது. மாணவர்களே நடத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை.

முறை எளிது: பகுதியில் என்ன இருக்கிறது, அதன் பொருள் என்ன, நான் என்ன செய்ய வேண்டும். முதல் கேள்வியில்தான் அழகே இருக்கிறது. மாற்கு நான்காம் அதிகாரத்தை எடுத்தால், புயலுக்கு நடுவே படகில் இயேசு தூங்குகிறார். தலைக்குக் கீழே தலையணை. மத்தேயுவும் லூக்காவும் அதைச் சொல்வதில்லை. “ஏன் அண்ணா, இதைப் போய் எழுதியிருக்கார்?” என்று முதலாமாண்டுத் தம்பி கேட்டால், நல்ல தலைவர் உடனே பதில் சொல்லமாட்டார். “நீ என்ன நினைக்கிற?” என்பார்.

இந்தப் பொறுமைதான் கலை. வாய் திறக்கவே கூசியவர் இரண்டு வருடத்தில் வட்டத்தை நடத்துகிறார்; அடுத்த வாரம் அவரே கேட்பார், அந்தப் புயலன்று இயேசுவின் படகோடு கூடவே வந்த மற்றப் படகுகள் என்ன ஆயின என்று.