சிறுவர் தொலைக்காட்சியில் சிறுமியர்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தைப் பற்றி அறியாத தமிழாசிரியர் இரார். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்து, அக்குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது அதன் மரபு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் இருபாலார்க்கும் பொதுவானவை. கைகொட்டுவதும் நிலாவை அழைப்பதும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றே. எட்டாம் பருவத்தில்தான் வழி பிரிகிறது. ஆண்குழந்தை சிற்றில் சிதைக்கிறான், சிறுபறை முழக்குகிறான், சிறுதேர் உருட்டுகிறான். பெண்குழந்தை அம்மானை ஆடுகிறாள், நீராடுகிறாள், ஊசலில் அமர்கிறாள்.

இங்கே ஒரு நுட்பம் காணத்தக்கது. சிற்றில் என்பது சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் வீடு. கட்டியவர்கள் அவர்கள், அதை எட்டி உதைப்பவன் பாட்டுடைத் தலைவன். 'சிதைக்க வேண்டா' என்று அவர்கள் அவனை இரந்து கேட்பதே பாட்டாகிறது. குறும்பு செய்தவன் தலைவன் ஆகிறான். அதைப் பொறுத்தவர்களுக்குப் பெயரும் இல்லை. நூற்றாண்டுகள் பழமையான இந்தப் பிரிவினை, இன்று நம் வீட்டுத் தொலைக்காட்சியிலும் குழந்தையின் கையிலுள்ள கைப்பேசியிலும் வேறு கோலத்தில் தொடர்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. நெடுங்காலம் நம் பிள்ளைகள் பார்த்த கார்ட்டூன் படங்களிற் பெரும்பாலானவை அயல்நாட்டுச் சரக்குகளே. அந்நிலை மாறியது நமக்குப் பெருமை. கிள்ளானை அடுத்த ஷா ஆலாமில் உள்ள லெஸ் கோப்பாக் நிறுவனம் 2007-இல் 'உப்பின் இப்பின்' தொடரைத் தந்தது. 2011-இல் 'போபோய்பாய்' வந்தது. 2016-இல் 'எஜென் அலி' வந்தது. மூவினப் பிள்ளைகளும் ஒருங்கே விளையாடும் காட்சியை நம் மண்ணின் மணத்தோடு காட்டும் இப்படைப்புகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. நல்ல படைப்பு என்பதனாலேயே அதனை நுணுகிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

முதலில் உப்பின் இப்பின். தாய்தந்தையரை இழந்த இரட்டையர் இருவரும் பாட்டியின் அரவணைப்பிலும் அக்காள் ரோஸின் கண்டிப்பிலும் வளர்கின்றனர். அவர்கள் குறும்பு செய்கிறார்கள், தவறுகிறார்கள், பிறகு திருந்துகிறார்கள். கதை அவர்களோடு நடக்கிறது. அவர்தம் தோழருள் மெயில் வணிகத்தில் கெட்டிக்காரன். ஜர்ஜித் பாந்துன் சொல்லிச் சிரிக்க வைப்பவன். ஆண்பிள்ளைகளுக்கு இத்தனை வகைக் குணங்கள் உண்டு. மெய் மெய் என்னும் சிறுமியோ கண்ணாடி அணிந்தவள், அறிவுள்ளவள், ஒழுங்கு தவறாதவள். ரோஸ் அக்காளுக்கு வீட்டு வேலையும் அதட்டலும் சொந்தம்.

அடுத்தது போபோய்பாய். இதில் யாயா என்னும் சிறுமி மலையைப் பெயர்க்கும் வலிமை உடையவள்; யிங் காலத்தையே அடக்குபவள். பெண் என்றால் மெலியவள் என்ற பழங்கதையை இத்தொடர் ஒதுக்கிவிட்டது, பாராட்டுவோம். ஆயினும் பள்ளியில் யாயாவின் கையில் இருப்பது என்ன? தவறு செய்வோர் பெயரைக் குறித்துக்கொள்ளும் குறிப்பேடு. எஜென் அலியில் வரும் அலிசியாவும் படிப்பில் முதல்வி, மாணவர் தலைவி, முறையாகப் பயிற்சி பெற்ற இளம் உளவாளி. அலியோ படிப்பிலும் பின்தங்கியவன், பயிற்சியும் அற்றவன். ஆனால் அரிய கருவி தற்செயலாக அவன் கையில் சிக்குகிறது. கதையும் அவனைச் சேர்கிறது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒரு வாய்பாடு புலப்படும். தவறு செய்து கற்றுக்கொள்பவன் ஆண்பிள்ளை. முன்னமே எல்லாம் கற்று முடித்து, அவனைத் திருத்துபவள் பெண்பிள்ளை. 'பெண்ணை அறிவாளியாகத்தானே காட்டுகிறார்கள், இதில் என்ன குறை?' என்று சிலர் வினவலாம். சிறுவர் கதையின் உயிர் அறிவில் இல்லை, பிழையில் இருக்கிறது. பிழைத்து, வருந்தி, மீண்டும் முயல்பவரோடுதான் குழந்தையின் நெஞ்சு ஒன்றுகிறது. பிழை செய்யும் உரிமை இல்லாதவளுக்குக் கதையின் நடுவிடமும் இல்லை. பல ஆண்களுக்கிடையே ஒரே ஒரு பெண்ணை நிறுத்தும் வழக்கத்தை அமெரிக்க எழுத்தாளர் கேத்தா பாலிட் 1991-இலேயே சுட்டிக்காட்டி, 'ஸ்மர்ஃபெட் நெறி' என்று பெயரிட்டார். இன்று எண்ணிக்கை ஓரளவு கூடியிருக்கிறது. ஆனால் அவளுக்கு அளித்த வேலை மாறவில்லை.

ஆண்பிள்ளைகளும் இதில் தப்பவில்லை. போபோய்பாயின் நண்பன் கோபாலை நம் பிள்ளைகள் விரும்புகிறார்கள். நம்மவன் என்ற உரிமையால் விரும்புகிறார்கள். அவனுக்கு வாய்த்தவை அச்சமும் உணவாசையும். அவன் பெற்ற ஆற்றல்கூடப் பொருள்களை உணவாக்குவதே. அவனும் பிழை செய்கிறான். ஆனால் அவன் பிழை பெரும்பாலும் சிரிப்போடு முடிந்துவிடுகிறது.

இவற்றை எழுதும் எனக்கு என் வகுப்பறையே முதற்சான்று. ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே செல்லும்போது என்ன செய்கிறோம்? நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தியை அழைத்து, பேசுவோர் பெயரை எழுதி வைக்கச் சொல்கிறோம். ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த நாள் தொட்டு நானும் அதையே செய்தேன். தலைமையாசிரியர் ஆன பின்பும் வழக்கம் மாறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அப்படிப் பெயர் எழுதும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தேன். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி அவள் நின்றாளேயன்றி எழுதவில்லை. ஏட்டைப் பார்த்தால் பாதிக் கணக்கு சரியாகவே இருந்தது. காரணம் கேட்டேன். "தப்பாப் போட்டா பையனுங்க சிரிப்பானுங்க, ஐயா. நான்தானே அவங்க பேரை எழுதுறேன்" என்றாள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவளுக்குப் பெருமை தருவதாக எண்ணி நான் கொடுத்த குறிப்பேடு, அவள் கையைக் கட்டிப் போட்டிருந்தது. அதே வகுப்பில் ஆண்பிள்ளைகள் தவறான விடையை உரக்கக் கூவுவார்கள். பத்தில் ஏழு தவறானாலும் எட்டாவதற்குக் கை தூக்குவார்கள். சிறுமியரோ உறுதியாகத் தெரிந்தாலன்றி வாய் திறவார். தோட்டத்தில் ஆணுக்கு நிகராகப் பால்மரம் வெட்டிய பெண்களின் பேத்திகள் இவர்கள்! அன்றே பெயர் எழுதும் வழக்கத்தை என் பள்ளியில் நிறுத்தினேன். தவறான விடையே ஆயினும், எப்படி வந்தது என்று விளக்குவோர்க்குப் பாராட்டு என்று வகுத்தேன். சிறுமியர் கைகள் உடனே உயரவில்லை. மெல்ல மெல்ல உயர்ந்தன.

இந்த வாய்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய 'சோட்டா பீம்' தொடரில் பீமனுக்கு வலிமை தருவது லட்டு. லட்டைத் தருபவள் தோழி சுட்கி. அதை விற்பவள் அவள் தாய். சுட்கி துணிவும் உடையவள்தான். ஆயினும் 2020 சூனில் என்ன நேர்ந்தது? பீம் சுட்கியைக் கைவிட்டு இளவரசி இந்துமதியை மணந்துகொண்டான் என்று வதந்தி பரவி, சுட்கிக்கு நீதி கேட்டு சமூக ஊடகங்களில் பெருங்கூச்சல் எழுந்தது. பாத்திரங்கள் இன்னும் குழந்தைகளே, திருமணம் எதுவும் நடக்கவில்லை என்று தயாரித்த நிறுவனமே அறிக்கை விட நேர்ந்தது. கேட்டவர்கள் பலர் வேடிக்கைக்காகவே கேட்டிருக்கலாம். எனினும் ஊட்டியவளுக்குக் கைம்மாறு திருமணமே என்ற எண்ணம், அவர்கள் அறியாமலே அந்த வேடிக்கைக்குள் இருந்தது.

மாற்று வழிகளும் இல்லாமல் இல்லை. யுனிசெஃப் 1990-களில் தெற்காசியாவுக்காக உருவாக்கிய 'மீனா' தொடரில், தம்பி ராஜூவுக்குப் பெரும்பங்கு உணவு கிடைப்பதைக் கண்ட மீனாவும் அவனும் ஒரு நாள் வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள். மாலைக்குள் அவன் களைத்துப் போகிறான். சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோரா, தானே பை தூக்கிப் பயணம் புறப்பட்டாள். இவை பெரிய மாற்றங்கள். ஆனாலும் மீனா கற்பிப்பவள், டோரா வழிகாட்டி. 2018-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'புளூயி'யில்தான் நான் தேடியது கிடைத்தது. புளூயி என்னும் நாய்க்குட்டி தங்கையோடு சண்டையிடுகிறாள், விளையாட்டில் பிடிவாதம் பிடிக்கிறாள், தோற்று அழுகிறாள், பிறகு தானே உணர்ந்து திருந்துகிறாள். அவள் பெண் என்பதை நான் சில பகுதிகள் பார்த்த பின்பே அறிந்தேன். நீல நிறத்தையும் குறும்பையும் கண்டு ஆண்பிள்ளை என்றே முடிவு கட்டியிருந்தேன். பழக்கம் அத்துணை வலிது!

படம் எடுப்போரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் ஒரு சிறுமி போபோய்பாய் படம் போட்ட பையை ஆவலோடு எடுத்தாள். "அது அண்ணனுக்கும்மா" என்று தாய் இளஞ்சிவப்புப் பையை நீட்டினார். சிறுமி மறுக்கவில்லை, மறுக்காமல் இருக்க அவள் முன்னமே கற்றிருந்தாள்.

தொலைக்காட்சியை அணைத்து வைப்பதால் இது தீராது. பெற்றோர் பிள்ளையோடு உடனிருந்து பார்த்து, முடிந்ததும் மூன்று வினாக்கள் கேட்கலாம்: முதலில் புறப்பட்டவர் யார்? தவறு செய்தவர் யார்? மன்னிக்கப்பட்டவர் யார்? மூன்றுக்கும் ஒரே விடை வருமானால், 'அவளும் அப்படிச் செய்திருந்தால்?' என்று நான்காம் வினாவையும் கேட்கலாம். ஆறு வயதுப் பிள்ளைகள் சொல்லும் கதைகளை அப்போது கேளுங்கள்!

நம் மரபும் இதற்குத் தடையன்று. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழில் குழந்தையாகத் தவழ்ந்து ஊசலாடிய அதே மீனாட்சி, திருவிளையாடற் புராணத்தில் தடாதகையாக முடி சூடித் திக்குவிசயம் புறப்பட்டவள் அல்லளோ? மணல்வீடு கட்டும் நம் சிறுமியரும் வேண்டுமானால் அதைத் தாமே கலைத்துப் பார்க்கட்டும். கலைந்ததை வேறுவிதமாக மீண்டும் கட்டட்டும். அருகில் நின்று அவர் பெயரை எழுதி வைக்க யாரும் வேண்டா.