மஞ்சளுக்குள் ஒரு சிவப்பு

ஆரத்திக்குச் சிவப்புப் பொடி எதுவும் தேவையில்லை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பைக் குழைத்துவிட்டால் போதும். விரல் போன வழியெல்லாம் செம்மை சுருள் சுருளாகக் கிளம்பி, கலக்கி முடிப்பதற்குள் தட்டே சிவந்துவிடும். மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரத்தன்மை பட்டால் சிவக்கும். அதே தட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், மறுபடி மஞ்சள்! சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்பு பட்டதும் கறை சிவப்பாக மாறுவதும் இதனால்தான். பதற வேண்டாம், நன்றாக அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். கறை போகுமா என்பது வேறு கதை.

வெற்றிலை பச்சை, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. மென்ற வாய் மட்டும் சிவப்பு. பாக்கின் துவர்ப்புப் பொருள்களில் சுண்ணாம்பு காட்டும் கைவரிசை அது. மருதாணிக்குச் சுண்ணாம்பு வேண்டாம். இலையிலுள்ள லாசோன் தோலின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். கழுவியதும் ஆரஞ்சாக இருப்பது மறுநாள்தான் நன்றாகச் சிவக்கும்.

அவசரத்துக்குக் குங்குமத்தைக் கரைத்து ஆரத்தி எடுக்கிறவர்கள் உண்டு. நிறம் வந்துவிடும், வேடிக்கை வராது. அடுத்த விசேஷத்துக்குச் சுண்ணாம்பு டப்பாவைத் தேடி எடுங்கள். கலக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.