காதல் ரயிலும் ஹோட்டல் பில்லும்

1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு கூட்டம் ரயிலில் கிளம்பியது. சாதாரண ஆம்ட்ராக் ரயில்தான். ஏறியவர்கள்தான் வேறு தினுசு. காதல் நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர்கள், எழுதியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள், ஒரு வரிகூட எழுதாமல் வாரத்துக்கு நாலைந்து நாவல்களைப் படித்துத் தள்ளுகிறவர்கள். 'லவ் ட்ரெயின்' என்று அதற்குப் பெயர். போய்ச் சேர வேண்டிய இடம், நியூயார்க்கில் காதல் நாவல் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடும் மாநாடு. அமெரிக்காவைக் குறுக்கே கடக்க நாள்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் பேச்சு ஒன்றே ஒன்று: கதாநாயகன் எந்த அத்தியாயத்தில் வாயைத் திறந்து சொல்வான்?

இந்தக் கூட்டத்தோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவர் ஜார்ஜ் சிச்சரி. 'வேர் தி ஹார்ட் ரோம்ஸ்' என்ற அந்த ஆவணப்படம் 1987-ல் வெளிவந்தது. இதே ஆசாமிதான் பின்னால் பால் எர்டிஷ் என்கிற கணித மேதையைப் பற்றியும் படம் எடுத்தார். கணக்கைக் காதலித்தவர், காதலைக் கணக்குப் போட்டவர்கள், இரண்டு தரப்பையும் ஒரே கேமராவால் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கிண்டலடிக்க எல்லா வசதியும் அந்தப் படத்துக்கு இருந்தது. பார்பரா கார்ட்லாண்ட் வருகிறார். அப்போதே எண்பதைத் தாண்டியவர். 700 நாவல்களுக்கு மேல் எழுதிய அம்மாள், பிங்க் நிறத்தைத் தன் சொந்தச் சொத்து மாதிரி உடுத்தியவர். இளவரசி டயானாவின் சிற்றன்னை இவருடைய மகள். இவரை கேமரா முன்னால் உட்கார வைத்தால் போதும், நகைச்சுவை தானாக வரும். சிச்சரி அங்கேயே நின்றுவிடவில்லை. ரயிலை ஏற்பாடு செய்த கலிஃபோர்னியாக் குடும்பத் தலைவி ஒருத்தியின் பின்னால் போகிறார். அந்த அம்மாளுக்கு எழுத்தாளராக வேண்டும். வீடு இருக்கிறது, கணவர் இருக்கிறார், எழுத ஒரு மேஜையும் இருக்கிறது. அச்சில் பெயர் மட்டும் இல்லை. படத்தின் உயிர் அவர்தான். (பின்னால் அவர் நாவல்களும் வெளிவந்தன.)

எனக்குப் படத்தில் ஒரு மனக்குறை உண்டு. இத்தனை பேரின் ஆசையைக் காட்டியவர், அந்த ஆசைக்கு யார் டிக்கெட் கிழிக்கிறார்கள் என்பதை இன்னும் கொஞ்சம் குடைந்திருக்கலாம். பி.காம். படித்த புத்தி, பணம் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் முதலில் பார்க்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஒரு மாநாடு எதற்கு என்கிற கேள்விக்கு இந்தப் படத்தைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை.

காதல் நாவல் எழுதுகிறவருக்கு இரண்டு சங்கடங்கள். ஒன்று, எழுதுகிற வேலை தனிமையானது. இது எல்லா எழுத்தாளருக்கும் பொது. இரண்டாவது, நான் காதல் நாவல் எழுதுகிறேன் என்று கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள். எதிராளி முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 'ஓஹோ, அப்படியா?' என்பார். வாசகிக்கும் இதே கதிதான். லெண்டிங் லைப்ரரியிலிருந்து மில்ஸ் அண்ட் பூன் கொண்டுவந்து, பாடப் புத்தகத்துக்கு நடுவே ஒளித்துப் படித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எழுதினவருக்கும் படித்தவருக்கும் அந்தச் சிரிப்பிலிருந்து விடுதலை கிடைக்கிற இடம் வருஷத்தில் நாலைந்து நாள் ஒரு ஹோட்டலுக்குள் இருக்கிறது என்றால் கையில் இருப்பதைப் போட்டுப் போவார்களா, மாட்டார்களா?

ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் இதைச் சரியாகப் பிடித்தார். 1984-ல் வந்த அவருடைய புத்தகம் 'ரீடிங் தி ரொமான்ஸ்'. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஓர் ஊர், அங்கே ஒரு புத்தகக் கடை, அதன் வாடிக்கைப் பெண்கள். ஊர்ப் பெயரைக்கூட மாற்றி 'ஸ்மித்டன்' என்று வைத்தார். அவர் கண்டது இது: கதையில் என்ன இருக்கிறது என்பதைவிட, படிப்பது என்கிற காரியமே அந்தப் பெண்களுக்கு முக்கியம். புத்தகத்தைத் திறந்தால், இது என் நேரம், யாரும் காபி கேட்காதீர்கள் என்று அர்த்தம். மாநாட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நாலு நாள் யாரும் காபி கேட்க மாட்டார்கள்.

அந்த ரயில் போய்ச் சேர்ந்த மாநாட்டின் சூத்திரதாரி காத்ரின் ஃபால்க். 1981-ல் 'ரொமான்டிக் டைம்ஸ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்து, அதை ஒட்டி வருஷா வருஷம் மாநாடு நடத்தினார். ஒவ்வொரு தடவை ஒவ்வொரு ஊர். அமர்க்களம்தான். நாவல் அட்டையில் சட்டை பொத்தான் இல்லாமல் நிற்பார்களே, அந்த ஆணழகர்களுக்குப் போட்டி. இரவில் ரத்தக் காட்டேரி வேஷத்தில் நடனம். இலக்கியக் கூட்டம் என்றால் ஜிப்பாவும் சுண்டலும் என்று நினைப்பவர்களுக்கு மயக்கமே வரும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசகர் காசு கொடுத்துச் சந்தோஷத்துக்காக வருகிறார், சந்தோஷத்தைக் கொடுத்தார்கள்.

சந்தோஷத்துக்கு வருகிற வாசகிக்கு விவரம் தெரியாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1997-ல் நோரா ராபர்ட்ஸின் வரிகளை ஜேனட் டெய்லி தன் நாவல்களில் எடுத்துப் போட்டிருந்தது அம்பலமானது. இருவருமே கோடிக்கணக்கில் விற்றவர்கள். கண்டுபிடித்தது பதிப்பகமா, பத்திரிகை விமரிசகரா? இல்லை. இரண்டு பேரின் நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்த ஒரு வாசகி. டெய்லி ஒப்புக்கொண்டார், வழக்கு சமரசமானது, வந்த பணத்தை நோரா எழுத்தறிவு இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். எடிட்டர்கள் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிய பக்கங்கள் அவை என்பதை மறந்துவிட வேண்டாம்.

இனி எழுத்தாளர் பக்கம். மாநாட்டுக்குப் போகிற எழுத்தாளர் அங்கே என்னவெல்லாம் அனுபவிக்கிறார்? பதிவுக் கட்டணம், அறை வாடகை, விமான டிக்கெட் பெரும்பாலும் சொந்தச் செலவு. இலவசமாகக் கொடுக்க புக்மார்க், பேனா, சின்னச் சின்னப் பரிசுகள், அவையும் சொந்தச் செலவு. கழுத்தில் பேட்ஜ். பேட்ஜுக்குக் கீழே ரிப்பன்கள்: முதல் நாவல் விற்றவர், பரிசு வாங்கியவர் என்று. ரிப்பனைப் பார்த்துத்தான் புன்னகையின் அகலம் தீர்மானமாகும். எடிட்டரைச் சந்திக்கச் சில நிமிஷங்கள். வருஷக்கணக்கில் எழுதியதை அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் ஹாலில் பக்கத்து மேஜை பிரபலத்துக்கு வாசல் வரைக்கும் க்யூ நிற்க, நம் மேஜைக்கு வருகிற ஒருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்பார். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன். ரொம்ப இல்லை.

2014-ல் நியூ ஆர்லியன்ஸில் 'ரொமான்டிக் டைம்ஸ்' மாநாட்டில் ஒரு கூத்து நடந்தது. புத்தகச் சந்தையில் பதிப்பகங்களின் எழுத்தாளர்களைப் பெரிய ஹாலிலும், தாங்களே பதிப்பித்துக்கொண்டவர்களைத் தனியாக வேறு அறையிலும் உட்கார வைத்தார்கள். இரண்டாவது அறையில் இருந்த சிலர் அப்போது மின்புத்தகத்தில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தவர்கள். 'வளரும் எழுத்தாளர்கள் அந்தப் பக்கம்' என்கிற மாதிரி தொண்டர் ஒருவர் வாசகர்களுக்கு வழி காட்டினார் என்று கேட்டு அவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? காரணம் அவமானம் செய்யும் எண்ணம் அல்ல, வெறும் கணக்கு. பதிப்பகப் புத்தகம் விற்காவிட்டால் கடைக்காரர் திருப்பி அனுப்பிப் பணத்தை வரவு வைத்துக்கொள்ளலாம். தானே பதிப்பித்தவரின் பிரதிகளுக்கு அந்த வசதி கிடையாது, விற்றால் கமிஷன் என்கிற கணக்கு. இரண்டு வகைச் சரக்குக்கு இரண்டு பில் கவுன்ட்டர். கணக்கருக்கு இது சௌகரியம். ஆனால் மனுஷனை அவனுடைய சரக்கின் ரிட்டர்ன் விதியைப் பார்த்து உட்கார வைத்தால், அது கணக்கோடு நிற்காது, ஜாதியாகிவிடும். கணக்கைப் பின்னறையில் பிரித்துக்கொண்டு மேஜையை அகர வரிசையில் போட்டிருக்கலாம். 2018-ல் ரீனோ மாநாட்டோடு ஃபால்க் கடையைச் சாத்தினார்.

அதைவிடப் பெரிய கதை எழுத்தாளர் சங்கத்தினுடையது. 'ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' 1980-ல் ஹூஸ்டனில் பிறந்தது. பிறக்கக் காரணமானவர்களில் முதன்மையானவர் விவியன் ஸ்டீஃபன்ஸ், கறுப்பின எடிட்டர். டெல் பதிப்பகத்தில் இருந்தபோது, கறுப்பினக் காதலர்களை வைத்துக் கறுப்பின எழுத்தாளர் எழுதிய நாவலை 1980-லேயே துணிந்து வெளியிட்டவர். தொழிலின் சூட்சுமம் எழுதுகிற பெண்களுக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை. ஒப்பந்தம் எப்படிப் படிப்பது, எடிட்டர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதையெல்லாம் சொல்லித்தர ஒரு சங்கம், அதற்கு ஒரு மாநாடு. நல்ல யோசனை. ஜெயித்தது. சங்கம் பத்தாயிரம் பேரைத் தாண்டியது. மாநாட்டில் பொதுமக்களுக்காக நடத்திய கையெழுத்து விழாவின் வருமானத்தை எழுத்தறிவுப் பணிக்குக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

மாநாட்டின் உச்சம் 'ரீட்டா' விருது இரவு. முதல் தலைவி ரீட்டா க்ளே எஸ்ட்ராடாவின் பெயரில் விருது. சக எழுத்தாளர்கள்தான் நடுவர்கள். பொற்கொல்லன் தங்கத்தைப் பொற்கொல்லன் உரசிப் பார்ப்பது மாதிரி, கேட்க நன்றாக இருக்கிறது. 2018-ல் சங்கமே கணக்கெடுத்து வெளியிட்டது: இறுதிச் சுற்றுக்கு வந்த புத்தகங்களில் கறுப்பின எழுத்தாளர்களுடையது அரை சதவீதம்கூட இல்லை. வென்றவர்? ஒருவரும் இல்லை. கறுப்பினப் பெண் முன்னின்று தொடங்கிய சங்கத்தில்! 2019-ல்தான் கென்னடி ரயனும் எம். மலோனும் முதல் முறையாக வாங்கினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஹாலில் ஒவ்வொரு வருஷமும் கை தட்டிவிட்டு ஊர் திரும்பிய பெண்களை யோசித்துப் பாருங்கள். மாநாட்டுக் கட்டணத்தில் அவர்களுக்குத் தள்ளுபடி ஒன்றும் இல்லை.

அதே 2019 டிசம்பரில் வெடித்தது. கோர்ட்னி மிலன் சீன வம்சாவளி எழுத்தாளர், முன்னாள் சட்டப் பேராசிரியர், சங்கத்தின் நிர்வாகக் குழுவில் முன்பு இருந்தவர். 1999-ல் வந்த ஒரு நாவல் சீனப் பெண்களைச் சித்திரித்த விதம் இனவெறி என்று வெளிப்படையாக எழுதினார். புகார் போனது. சங்கம் விசாரித்து, மிலனை ஒரு வருஷம் விலக்கி வைத்தது, பொறுப்புகளுக்கு ஆயுள் தடை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு செய்தி வெளியே வந்தது. மறுநாளே பின்வாங்கினார்கள். நிர்வாகக் குழுவில் பலர் விலகினார்கள், ஜனவரியில் தலைவரும் போனார், பதிப்பகங்கள் கைவிரித்தன. 2020-க்கு ரீட்டா விருது ரத்து.

எனக்கு இதில் புரியாதது ஒன்று. விமரிசனம் சரியா தப்பா என்று வாதாடலாம், சண்டை போடலாம். எழுத்தாளர் சங்கம் என்பது அதற்குத்தானே? ஒரு புத்தகத்தைப் பற்றி ஓர் எழுத்தாளர் சொன்ன அபிப்பிராயத்துக்கு எழுத்தாளர் சங்கமே தண்டனை கொடுத்தால், பத்து நிமிஷ எடிட்டர் சந்திப்பைத் தவிர அந்த மாநாட்டில் பேச என்ன மிச்சம் இருக்கும்?

பிறகு விருதுக்கு 'விவியன்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். 2021-ல் முதல் விவியன் விருதுகள் கொடுத்தார்கள். அதில் ஒன்றை வென்ற நாவலின் நாயகன், 1890-ல் வூண்டட் நீயில் லகோட்டா பழங்குடிகளைக் கொன்று குவித்த குதிரைப் படையில் இருந்தவன், பிறகு மனம் வருந்துகிறவன். வருந்தினால் போதும், காதல் கிடைக்கும். எதிர்ப்பு கிளம்ப, சில நாளில் விருதைத் திரும்பப் பெற்றார்கள். பெயர்ப் பலகையை மாற்றிய வேகத்தில் நடுவர்களின் கண்ணாடியை மாற்ற முடியவில்லை.

உறுப்பினர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது சுமார் இரண்டாயிரமானது. ஆனால் மாநாட்டுக்கான ஹோட்டல்களைப் பல வருஷம் முன்னதாகவே, பழைய கூட்டத்தை நம்பி, பேசி முடித்திருந்தார்கள். இத்தனை அறைகள் நிரம்பும் என்று எழுதிக் கொடுத்திருந்தால், நிரம்பாத அறைக்கும் காசு. காமர்ஸ் முதல் வருஷ மாணவனும் இதை எதிர்காலப் பொறுப்பு என்று பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே ஒரு குறிப்பாவது போடுவான். 2024 மே மாதம் சங்கம் ஹூஸ்டனில் திவால் மனு கொடுத்தது. பாக்கி கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். வசூலிக்க நின்றவர்கள் எழுத்தாளர்களோ பதிப்பகங்களோ அல்ல, மாநாடு நடக்க வேண்டிய ஹோட்டல்கள்.