வானியல் துணைப்பாடம்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், வேறு முதன்மைப் பாடம் எடுத்த மாணவர்களும் வானியலைத் துணைப்பாடமாகப் படிக்கலாம். பொதுவாக ஐந்தாறு தாள்கள். விண்மீன்களின் பிறப்பு, பால்வெளி, அண்டவியல் எல்லாம் வகுப்பறையிலேயே முடிந்துவிடும். சுவை இரவுப் பயிற்சியில்தான். சிறு தொலைநோக்கியிலேயே வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் புள்ளிகளாகத் தெரியும். அவற்றுள் அயோ ஒரு சுற்றுக்கு எடுப்பது ஏறத்தாழ 42.5 மணி நேரம். வியாழனின் விட்டத்தையே அளவுகோலாக வைத்து, நிலவுகளின் இடத்தை இரவுதோறும் வரைபடத்தாளில் குறித்துவந்தால் சுற்றுக்காலமும் தொலைவும் கிடைக்கும். (மேகம் கவிந்த இரவுகளில் கட்டம் காலிதான்.) இரண்டையும் கெப்ளரின் மூன்றாம் விதியில் இட்டால் வியாழனின் நிறை வந்துவிடும்: பூமியைப்போல் சுமார் 318 மடங்கு. இவ்வளவு பெரிய விடைக்குப் பள்ளி இயற்கணிதமே போதும்.